சவர்க்காரமும் நறுமணத் தைலங்களும்: வீட்டுக் கைத்தொழில் குறித்த ஒரு நோக்கு

நறுமணத்தை இயற்கையின் கொடையாகவும் தனிமனித இரசனையின் விடயமாகவும் மட்டுமே கொள்வது பெருவழக்காகும். வீட்டிற் செய்த சவர்க்காரம் இன்று நகர்ப்புறக் கடைகளில் ‘இயற்கையானது’ என்ற பெயருடன் விலைபோவதற்கும் இந்நோக்கே துணைநிற்கின்றது. ஆயின் சவர்க்காரத்தில் தைலம் ஆற்றும் பணி யாது, அத்தைலம் எவருடைய உழைப்பினால் விளைகின்றது என்னும் இரு வினாக்களும் ஒருங்கே எழுப்பப்படுவதில்லை. இரசாயனத்தை விட்டுச் சமூகவுறவை மட்டும் பேசுதல் வெறுங்கோஷமாகும். சமூகவுறவை விட்டு இரசாயனத்தை மட்டும் பேசுதல் சமையற்குறிப்பாகும்.

அழுக்கு நீக்கக் காரத்தைப் பயன்படுத்துதல் நமக்குப் புதிதன்று. களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரிலே புலைத்தி ஆடை வெளுக்கும் செய்தி புறநானூற்றின் 311ஆம் பாடலில் வருகின்றது. வெண்மையை உடுப்பவன் ஒருவன், வெளுப்பவள் வேறொருத்தி என்னும் வேறுபாடு அங்கேயே துலங்குகின்றமை மனங்கொள்ளத்தக்கது. தாவரச் சாம்பலிலிருந்தும் உவர்மண்ணிலிருந்தும் பெற்ற காரத்தின் இடத்தை, உப்பிலிருந்து சோடா பெறும் லெப்ளாங்கின் 1791ஆம் ஆண்டு முறை நிரப்பத் தொடங்கியது. கொழுப்பின் அமைப்பைச் செவ்ரல் தமது 1823ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். 1888இல் இங்கிலாந்தில் போர்ட் சன்லைற் தொழிற்சாலையூரை நிறுவத் தொடங்கிய லீவர் நிறுவனம், 1911இல் பெல்ஜியக் கொங்கோவின் செம்பனைக் காடுகளுக்குள் நுழைந்தது; அங்கு கட்டாய உழைப்பு நிலவியது. தூய்மையின் வரலாறு இவ்வாறு காலனித்துவத்தின் வரலாறுமாகும்.

இனி, ஆக்கமுறையை நோக்குவோம். கொழுப்பும் எரிசோடாவும் வினைபுரிந்து சவர்க்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. ஒரு கிலோகிராம் தேங்காயெண்ணெயை முற்றாகச் சவர்க்காரமாக்க ஏறக்குறைய 183 கிராம் எரிசோடா வேண்டும். தோலின் நலன் கருதி எண்ணெயில் 5 வீதத்தை மாறாது விடுவதாயின் 174 கிராம் போதுமானது. அதனைக் கரைக்க ஏறத்தாழ 350 கிராம் நீர் கொள்ளலாம். நீரில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டுமேயன்றி எரிசோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது; கரைசல் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது. கண்ணையும் கையையும் மூடிக்கொள்ளல் இன்றியமையாதது. கலவை பாகுபோலத் தடித்து வரும்போதே தைலம் சேர்க்கப்படும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 30 கிராம், அதாவது 3 வீதம் என்பது பொதுவான மேலெல்லை. அச்சில் இறுகியபின் துண்டாக்கி, நான்கு முதல் ஆறு வாரம் வரை காற்றோட்டத்தில் உலரவிடுதல் வேண்டும்.

தைலம் அழுக்கை நீக்குவதன்று, அப்பணி சவர்க்காரத்தினுடையது. தைலம் மணத்தையே தருகின்றது. அதுவும் காரத்தின் முன் எல்லாத் தைலங்களும் ஒரே தன்மையனவல்ல. தோடையினப் பழத்தோல்களின் தைலம் விரைந்து ஆவியாகி மணமிழக்கும். கறுவாவிலைத் தைலத்திலும் கராம்புத் தைலத்திலும் மிகுந்துள்ள யூஜெனோல் காரத்துடன் வினைபுரிந்து கலவையைத் திடீரென இறுகச் செய்வதுடன் அதன் நிறத்தையும் கருமையாக்கும். ஆதலின் மிகச் சிறிதளவே சேர்த்தல் தகும். கறுவாப்பட்டைத் தைலத்தின் சின்னமல்டிகைட்டு தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தவல்லது. அதனைத் தவிர்த்தலே நன்று. இயற்கையில் விளைந்தது என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது. தோலுக்குத் தைலத்தின் பிறப்பிடம் தெரியாது. அதன் மூலக்கூறே தெரியும்.

இலங்கையைப் பொறுத்தவரையில் சிற்றனெல்லாப் புல்லின் வரலாறு இவ்விடயத்தில் தனிக் கவனத்துக்குரியது. தென்மாகாணத்தின் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் விளைந்த இப்புல்லின் தைலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளின் மலிவான சவர்க்காரங்களுக்கு மணமூட்டியது. நூறு கிலோகிராம் பச்சைப்புல்லைக் கொதிநீராவியில் வடித்தால் ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த தைலமே கிடைக்கும். வெட்டியோர், சுமந்தோர், அடுப்பெரித்தோர் ஆகியோரின் உழைப்பு அவ்வொரு போத்தலுள் ஒடுங்கிக் கிடக்கின்றது. சந்தையிலோ போத்தலின் மணம் மட்டுமே முகரப்படுகின்றது. பண்டம் தன்னை ஆக்கிய உறவுகளை மறைக்கின்றது என்னும் மார்க்சின் கூற்றுக்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

விலைப்போட்டியின் நெருக்குதலில் மண்ணெண்ணெய் முதலியன கலக்கப்பட, ஜெர்மனியின் ஷிம்மெல் நிறுவனம் அற்ககோலிற் கரையும் தன்மையைக் கொண்டு கலப்படத்தை அறியும் சோதனையொன்றை வகுத்தது. தைலத்தின் தரம் ‘மொத்த ஜெரனியோல்’ கொண்டு அளக்கப்பட்டபோது, யாவா வகை 85 வீதத்துக்கு மேலும் இலங்கை வகை ஏறக்குறைய 60 வீதமும் காட்டின. யாவா வகை சந்தையைக் கைப்பற்றியது. அதன் தாய்வகையான மகாபென்கிரி இலங்கையிலிருந்தே சென்றதெனத் தாவரவியலார் கருதுவது முரண்நகையாகும். பின்னர் செயற்கை மணப்பொருள்களும் போட்டிக்கு வந்தன. கலப்படத்தைச் சுதேசியின் ஒழுக்கக்கேடு என விளக்குவது எளிது; ஆயின் மூலப்பொருளை ஏற்றுமதி செய்து, விலையைத் தாம் நிர்ணயிக்க இயலாத உற்பத்தியமைப்பிலேயே அதன் வேர் உள்ளது.

வீட்டுச் சவர்க்காரம் இவ்வமைப்பை மாற்றிவிடும் என எண்ணுதல் கற்பனாவாதமே. எனினும் அதனைப் புறக்கணித்தலும் பொருந்தாது. தேங்காயெண்ணெயும் சிற்றனெல்லாத் தைலமும் இங்கேயே விளைவன. கிராமப் பெண்கள் கூட்டுறவாக இணைந்து வடிப்போரிடம் நேரே தைலம் பெற்றுச் சவர்க்காரம் ஆக்குவார்களாயின், மணமூட்டலினால் உயரும் விலையின் ஒரு பங்கேனும் உழைத்தவர் கையில் நிற்கும். அதற்கு நிபந்தனைகள் இரண்டு: ஒன்று, எரிசோடாவின் நிறையையும் தைலத்தின் வீதத்தையும் பிழையின்றி அளக்கும் அறிவு, மற்றையது, ஆறுவாரக் காத்திருப்பையும் அடுப்படி உழைப்பையும் செலவுக் கணக்கில் சேர்க்கும் துணிவு. வீட்டில் நிகழ்வதனால் பெண்ணின் உழைப்பு விலையற்றது எனக் கொள்ளுமிடத்து, ‘இயற்கை’ என்னும் பெயர் சுரண்டலுக்குப் பூசிய மற்றொரு நறுமணமாகவே முடியும்.