மழை நின்ற பிறகும் மண் சரியலாம்

2022 டிசம்பர் 16, அதிகாலை இரண்டரை மணியளவில் உலு சிலாங்கூரில் பத்தாங்காலி – கெந்திங் மலைச் சாலையோர முகாம் தளம் ஒன்றின் மீது மண் சரிந்து விழுந்தது. பள்ளி விடுமுறைக்காக வந்திருந்த குடும்பங்கள் கூடாரங்களில் உறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சரிந்த மண்ணின் அளவு சுமார் 450,000 கன மீட்டர். 31 பேர் உயிரிழந்தனர். 61 பேர் தப்பினர். தொடர் மழையே முக்கியக் காரணம் என்று அரசாங்க விசாரணையில் தெரிய வந்தது.

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் பழக்கமானது. சமதளம் என்பதால் நிலச்சரிவு அங்கு பழக்கமில்லை. விடுமுறை வந்தால் உலு யாம், கோலகுபு பாரு ஆற்றோரங்களுக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நாம் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பனிமலை நாடுகளில் வசந்த காலத்தில் வெயிலில் உருகும் நீர் பனி அடுக்குகளுக்குள் இறங்கி அவற்றின் பிடிப்பைத் தளர்த்தும். அதனால் பனிச்சரிவு ஏற்படும். நம் மலைகளில் ஏறக்குறைய அதே வேலையை மழைநீர் செய்கிறது.

தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. வெயிலும் மழையும் அந்தக் கல்லைச் சிதைத்து, அதன் மேல் தடிமனான மண் போர்வையை உண்டாக்கியுள்ளன. கடற்கரையில் ஈர மணலால் பிள்ளைகள் வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். மணலில் உள்ள சிறிதளவு நீர் துகள்களை ஒன்றோடொன்று பிடித்து வைக்கிறது. அலை வந்து நனைத்தால் வீடு கரைந்துவிடும். மலைமண்ணிலும் இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பினால் அந்தப் பிடிப்பு போய்விடுகிறது. நீரின் அழுத்தம் துகள்களை விலக்குவதால் உராய்வு குறைகிறது. நீர் ஏறிய மண்ணின் எடையும் கூடுகிறது.

இந்த நீர் மண்ணின் ஆழத்துக்குள் இறங்க நேரம் பிடிக்கும். ஆகவே இன்று வானம் தெளிந்திருப்பதை மட்டும் பார்த்துக் கிளம்பக் கூடாது. கடந்த பல நாட்களில் எவ்வளவு மழை பெய்தது என்றும் பார்க்க வேண்டும்.

செங்குத்தான சரிவின் அடிவாரத்திலும் ஓடையின் வாயிலும் கூடாரம் அடிக்காதீர்கள். முகாம் நடத்த உரிமம் உள்ளதா என்று முன்பே கேளுங்கள். பத்தாங்காலியில் அந்தத் தளத்துக்கு அத்தகைய உரிமம் இல்லை என அதிகாரிகள் அறிவித்தனர். தரையில் புதிய விரிசல், சாய்ந்த மரங்கள், புதிய இடத்தில் ஊற்று, திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஓடை ஆகியவை எச்சரிக்கைகள். மரம் முறியும் ஓசையோ மேலிருந்து இரைச்சலோ கேட்டால் பொருட்களை எடுக்க நிற்காதீர்கள். சரிவு வரும் திசையில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகி மேட்டுக்குச் செல்லுங்கள். பிறகு 999 எண்ணை அழையுங்கள்.