தோளைப் பாருங்கள், முஷ்டியை விடுங்கள்

‘மூன்றே மாதத்தில் உங்கள் ரிஃப்ளெக்ஸ் இரண்டு மடங்கு!’ என்று அச்சடித்த தற்காப்புக் கலை வகுப்பு நோட்டீஸை அனுப்பி, சேரலாமா என்று கேட்கிறார் ஒரு வாசகி. பத்தாவது படிக்கும் மகன் வீடியோ கேமில் ஒரே ‘பாஸ்’ஸிடம் வாரக்கணக்கில் அடி வாங்குகிறானாம், அவனையும் சேர்த்துவிட்டால் அதற்கும் உதவுமா? இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நோட்டீஸ் போட்டவர் அதை ரசிக்க மாட்டார்.

கண் பார்த்து கை அசையத் தொடங்க, நல்ல இளைஞருக்கே சுமார் 0.2 நொடி ஆகிறது. தடுப்பதா, விலகுவதா என்று யோசிக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடும். பக்கத்தில் நிற்பவர் விடும் குத்து வந்து சேரவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். முஷ்டியைப் பார்த்துத் தடுக்கக் கிளம்பினால், மூக்குக்குத் தகவல் முதலில் போய்விடும். பயிற்சியால் இந்த 0.2 நொடியில் ஏதோ சில்லறை மிச்சம் பிடிக்கலாம். பாதியாக்க எந்த மாஸ்டராலும் ஆகாது. 2002-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கராத்தே வீரர்களையும் கற்றுக்குட்டிகளையும் சோதித்தார்கள். புள்ளி தெரிந்ததும் பொத்தானை அழுத்து என்றபோது இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எதிராளி தாக்கும் வீடியோவைக் காட்டி, அடி எங்கே வருகிறது என்று கேட்டபோதுதான் வீரர்கள் நன்றாக முந்தினார்கள்.

எப்படி? குக்கரைக் கவனியுங்கள். சமையலுக்குப் புதியவர் விசில் கேட்டுத் துள்ளி ஓடுவார். தினமும் சமைப்பவருக்கு அதற்கு முன்பே தெரியும்: மூடியோரம் லேசாக ஆவி, பிறகு வெயிட் மெல்ல ஆடும், ‘உஸ்’ என்று ஒரு பெருமூச்சு. விசில் வரும்போது கை ஏற்கெனவே அடுப்புத் திருகில் இருக்கும். எதிராளியின் பின்னங்காலில் ஏறும் எடைதான் அந்த ஆவி. திரும்பும் தோள்தான் வெயிட். இடுப்பை அடுப்பு என்று வைத்துக்கொண்டால், வேகப்போகும் பருப்பு நாம்தான். கை கிளம்புவதற்கு முன்பே உடம்பு கிளம்பியாக வேண்டும் என்பதால், தேர்ந்த கண்ணுக்கு அந்தச் சிறு அவகாசம் இலவசமாகக் கிடைக்கிறது. மூளை அதிலிருந்து கணக்குப் போட்டு, அடி வரப்போகும் இடத்துக்குக் கையை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: தேர்ந்தெடுக்க ஆகும் நேரத்தை 1868-லேயே அளந்தவர் ஹாலந்தின் விஞ்ஞானி டாண்டர்ஸ். கௌபாய் படப் பித்தரான இயற்பியலாளர் நீல்ஸ் போர், இரண்டாவதாகத் துப்பாக்கி எடுக்கும் ஹீரோவே ஏன் ஜெயிக்கிறான் என்று பொம்மைத் துப்பாக்கியோடு ஆராய்ந்தார். 2010-ல் பர்மிங்ஹாமில் சோதித்தார்கள். பதிலடி அசைவு உண்மையிலேயே வேகம்தான், ஆனால் மிச்சம் 21 மில்லி நொடி. எதிராளி அசைந்ததை உணரவே சுமார் 200 ஆகிவிடுகிறது. ஹீரோவை அடக்கம் செய்திருப்பார்கள்.

ஆகவே, சேருமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். என்ன அடி வரப்போகிறது என்று சொல்லிவைத்து, ஒத்துழைக்கும் ஆளோடு மட்டுமே பயிற்சி என்றால் மாணவர்கள் படிப்பது நடனம். சொல்லாமல் அடிக்க வருபவரோடு பழகினால்தான் கண் தேறும். அதைவிட மலிவான வித்தை, எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்பது. அடிக்க அவர் ஓர் எட்டு வைத்தாக வேண்டும். முழு உடம்பும் நகர்வதைக் கற்றுக்குட்டியும் பார்த்துவிடலாம். ஓட வழியிருந்தால் ஓடுவது இன்னும் உத்தமம்.

மகனுக்கு வருவோம். கேமில் பாஸ் வாளை ஓங்குவதே ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் சலுகை. எல்டன் ரிங் (2022) அந்தச் சலுகையிலேயே கைவைத்தது. அதில் வரும் மார்கிட் என்ற பாஸ் தடியை ஓங்கிவிட்டு அப்படியே நிற்பான்: கேஸ்கெட் போன குக்கர் மாதிரி, உஸ்ஸென்று சீறும், விசில் வராது. ஓங்கியதுமே தப்பிக்க உருள்பவர், எழும் நேரத்தில் சரியாக அடி வாங்குவார். உருளும்போது அடிபடாமல் இருப்பதே அரை நொடிக்கும் குறைவுதான். ஓங்கலை விட்டுவிட்டு, தடி இறங்கத் தொடங்கும் கணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குப் பல முறை செத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கராத்தே இதற்கு உதவாது.

கேம் உலகில் இன்றும் ‘மின்னல் ரிஃப்ளெக்ஸ்’ என்ற தலைப்போடு ஒரு காட்சி சுற்றுகிறது. 2004, கலிஃபோர்னியா, ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீடியோ கேம் போட்டி. டைகோ உமெஹாராவின் பாத்திரத்துக்கு உயிர் ஒரு கோடளவு. சாதாரணமாகத் தடுத்தாலும் அது கரைந்துவிடும். எதிராளி ஜஸ்டின் வாங்கின் பாத்திரமான சுன்-லீ தொடர்ந்து விட்ட 15 உதைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு அந்த ஆட்டத்தை டைகோ வென்றார். முதல் உதையைக் கண்ணால் பார்த்து அழுத்த நேரம் போதாது; வரும் என்று கணித்தே அழுத்தினார். மீதி உதைகளின் தாளம் அவருக்கு ஏற்கெனவே அத்துபடி. கோப்பை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்றார்.