மலையடிவாரத்து ஊர்க்காரர்கள்

தைப்பூசத்தன்று பத்துமலையை உலகமே படம் பிடிக்கிறது. காவடிகள், பால்குடங்கள், கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் நகர்ந்து வரும் வெள்ளி ரதம், 140 அடி உயர முருகன் சிலை, வண்ணம் தீட்டிய 272 படிகள் எல்லாம் மறுநாள் பத்திரிகைகளில் வந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு அந்த மலையடியில் விடிகிற மற்ற நாள்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

கோலாலம்பூர் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டரில், சிலாங்கூர் மாநிலத்தின் கோம்பாக் மாவட்டத்தில் இருக்கிறது பத்துமலை. 68100 என்ற அஞ்சல் குறியீட்டுக்குள் தாமான்கள், மலாய்க் கம்பங்கள், இந்தியர் குடியிருப்பு, மலிவு விலை அடுக்குமாடி வீடுகள், தொழிற்பேட்டைகள், தமிழ்ப்பள்ளி, 1999இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை என ஒரு முழு நகரமே இயங்குகிறது. பக்கத்திலேயே செலாயாங் மொத்தச் சந்தை. தலைநகரத்துச் சமையலறைகளுக்குப் போகும் காய்கறியும் மீனும் பெரும்பாலும் அங்கேதான் வந்து இறங்குகின்றன. நள்ளிரவில் லோரிச் சத்தத்தோடு அந்தப் பக்கத்து வேலை நாள் தொடங்கிவிடும்.

இந்த ஊர் ஒரே நாளில் எழும்பவில்லை. சுண்ணாம்புக் குகைகளை முதலில் அறிந்தவர்கள் தெமுவான் பூர்வக்குடி மக்கள். 1860களில் சீனக் குடியேறிகள் குகைக்குள் குவிந்துகிடந்த வௌவால் எச்சத்தை அள்ளிக் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக்கினார்கள். 1878இல் அமெரிக்க இயற்கையியலாளர் வில்லியம் ஹார்னடே வந்து பார்த்து எழுதியதும் வெளியுலகம் இதைத் தெரிந்துகொண்டது. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை, வேலின் முனையைப் போலிருந்த குகை வாயிலைக் கண்டு 1891இல் இங்கே முருகனை எழுந்தருளச் செய்தார் என்பது கோயில் வரலாறு. மறு ஆண்டிலிருந்து தைப்பூசம் நடந்து வருகிறது. மலையேற முதலில் மரப்படிகள் இருந்தன. பின்னால் சிமெண்டுப் படிகள் வந்தன.

கோயில் வளர்ந்த காலத்தில் மலையின் இன்னொரு பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் கல் கட்டுமானத்துக்கு வேண்டிய பொருள். இங்கே போடப்பட்ட ரயில் பாதையில் ஆட்களோடு கல்லும் பயணம் செய்தது. பல ஆண்டுகளாக மலையை உடைத்து எடுத்தார்கள். சில குகைகள் முற்றாகவே அழிந்துபோயின. இயற்கை ஆர்வலர்கள் இடைவிடாமல் குரல் கொடுத்த பின்னர், 1980களின் தொடக்கத்தில்தான் கல்லுடைப்பு நின்றது. கல் பெயர்த்தெடுத்த வடு இன்றும் மலையின் சில முகங்களில் வெள்ளையாகத் தெரிகிறது. அந்தச் செங்குத்துப் பாறைகளில் சிலவற்றில் இப்போது இளைஞர்கள் கயிறு கட்டி மலையேற்றம் பழகுகிறார்கள்.

மலை பிழைத்ததால் பிழைத்த உயிர்கள் பல. படியேறும்போது இடப்பக்கம் இருக்கும் இருட்டுக் குகையில் ஒரு சிலந்தி வாழ்கிறது. கதவு வைத்த பொறிவலை பின்னும் இதற்கு அறிவியல் உலகம் ‘லிபிஸ்டியஸ் பத்துவென்சிஸ்’ என்று இந்த ஊர்ப் பெயரையே சூட்டியிருக்கிறது. குகை வௌவால்களின் சேவை இன்னும் நேரடியானது. தேனுண்ணும் வௌவால் வகை ஒன்று பொழுது சாய்ந்ததும் குகையை விட்டுக் கிளம்பி, பல கிலோமீட்டர் பறந்து பூக்களைத் தேடுகிறது. டுரியான் மரத்தில் மகரந்தச் சேர்க்கை நடப்பதில் இந்த வௌவால்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை 1970களின் ஆய்வுகள் காட்டின. டுரியான் பருவத்தில் சாலையோரக் கடையில் பழம் பிளந்து தின்பவர்கள் பத்துமலைக் குகைக்கும் கடன்பட்டவர்களே. சுற்றுலாப் பயணிகளை வழிகாட்டியோடு உள்ளே அழைத்துச் சென்றுகொண்டிருந்த இருட்டுக் குகை 2019இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

மலையிலிருந்து கீழே இறங்கினால் ஊர்க்காரரின் முதல் கவலை சாலைதான். கோயிலுக்கு எதிரே ஓடும் எம்.ஆர்.ஆர்.2 நடுவட்டச் சாலை, தலைநகரைச் சுற்றிவரும் சுங்கக் கட்டணமில்லாத பெருவழி. கட்டணம் இல்லை என்பதாலேயே லோரி, பேருந்து, கார், மோட்டார் எல்லாம் அதில் வந்து சேர்கின்றன. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போகிறவர் “ஜேம்” என்ற ஒற்றைச் சொல்லில் தன் நாளைச் சொல்லி முடித்துவிடுகிறார். சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும் கடைக்குப் போக, வயதானவர்கள் மேம்பாலப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

மாற்று வழியாக 2010இல் கொமுட்டர் ரயில் வந்தது. செந்தூலிலிருந்து பழைய பாதையை இரட்டைப் பாதையாக்கி மின்மயப்படுத்தி, கோயில் வாசலருகிலேயே நிலையம் கட்டினார்கள். அங்கிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலேறினால் பிரிக்பீல்ட்ஸில் போய் இறங்கலாம். மகளைப் பார்க்கப் போகும் பாட்டிக்கும் வேலைக்குப் போகும் இளைஞனுக்கும் இது பெரிய வசதி. தைப்பூசத்தின்போது ரயில்கள் இரவும் பகலுமாக ஓடுகின்றன. மற்ற நாள்களில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்டவாளச் சீரமைப்பு நடந்த ஆண்டுகளில் இந்தக் காத்திருப்பு இன்னும் நீண்டது. நடந்து போகும் தூரத்தில் நிலையம் இருந்தும் பலர் மோட்டாரை எடுப்பதற்குக் காரணம் இந்த நேர இடைவெளிதான்.

அடுத்தது தண்ணீர். அது கூடினாலும் கவலை, குறைந்தாலும் கவலை. ஊருக்குள் ஓடும் பத்து ஆறு தெற்கே போய்க் கோம்பாக் ஆற்றில் கலக்கிறது. ஒரு காலத்தில் பக்தர்கள் இந்த ஆற்றில் முழுகிவிட்டுத்தான் காவடி எடுத்தார்கள். மேலே 1980களில் கட்டப்பட்ட பத்து அணை வெள்ளத்தைத் தணிக்கவும் குடிநீருக்கும் பயன்படுகிறது. கீழே, கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டைகளைத் தேக்கக் குளங்களாக மாற்றி, கோம்பாக் ஆற்று வெள்ளத்தை அவற்றுக்குத் திருப்பிவிடும் திட்டமும் உண்டு. இத்தனை இருந்தும் ஒரு மணி நேரம் கொட்டும் மாலை மழைக்கே தாழ்வான தெருக்களில் நீர் ஏறுவது உண்டு. மேட்டில் மரம் குறைந்து சிமெண்டு கூடும்போது மழைநீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் நேரே சாக்கடைக்கு ஓடுகிறது. சாக்கடையில் பொட்டலமும் போத்தலும் அடைத்திருந்தால் அடுத்த இடம் வீட்டு வாசல்தான். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கையே மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, வானம் கறுத்தால் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் பலரிடம் வந்துவிட்டது.

குழாய்த் தண்ணீரின் கதை வேறு. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்து ஓர் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால், சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கோம்பாக் உட்பட ஏழு வட்டாரங்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. வாளியும் தோம்புமாகத் தண்ணீர் லோரியின் பின்னால் வரிசை நின்ற அந்த நாள்களை எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. நான்கு மாடி ஏறித் தண்ணீர் சுமந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மலையடியில் வாழ்வதால் வரும் தொல்லைகளும் உண்டு. நீண்ட வால் குரங்குகள் கோயில் படிகளோடு நிற்பதில்லை. பயணிகள் கையில் கொடுக்கும் வாழைப்பழமும் நொறுக்குத் தீனியும் அவற்றுக்கு மனிதப் பயத்தைப் போக்கிவிடுகின்றன. பழகிய குரங்கு வீட்டுச் சன்னலுக்கும் குப்பைத் தொட்டிக்கும் வருகிறது. தீனி போட வேண்டாம் என்று வனவிலங்குத் துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. போடுகிறவர் மாலையில் ஊருக்குத் திரும்பிவிடுவார், விளைவோடு வாழ்பவர் பக்கத்துத் தாமான்காரர்.

தைப்பூசமும் ஊர்க்காரருக்கு இரண்டு முகம் கொண்டது. அந்த நாள்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வருவதாக மதிப்பிடுகிறார்கள். மாலை கட்டும் அக்காமாருக்கும் உணவகக்காரருக்கும் முடி இறக்கும் தொழிலாளிக்கும் ஆண்டில் பெரிய வருமானம் அப்போதுதான். தண்ணீர்ப்பந்தலில் முன்பின் தெரியாதவருக்கு மோரும் சோறும் கொடுப்பதை உள்ளூர் இளைஞர்கள் கடமையாகவே செய்கிறார்கள். இன்னொரு பக்கம் சாலைகள் மூடப்படும், அவசரத்துக்கு மருத்துவமனை போவதே சிரமமாகும், விழா முடிந்ததும் குப்பை மலையாகக் கிடக்கும். 2021இல் கொரோனா காரணமாகக் காவடி இல்லாமல், பக்தர் கூட்டம் இல்லாமல், ரதம் மட்டும் வந்து போனது. விழா நின்றால் எத்தனை வீட்டு அடுப்பு பாதிக்கப்படும் என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது.

இத்தனை குறைகளையும் எங்கே கொண்டு போவது? மலையடிவாரத்து வாழ்வின் மிகக் கடினமான கேள்வி இதுதான். எம்.ஆர்.ஆர்.2 மத்திய அரசின் பொறுப்பு. ரயில் கேடிஎம் நிறுவனத்துடையது. ஆறு வடிகால் நீர்ப்பாசனத் துறையின் பார்வையில் இருக்கிறது. குழாய் நீர் ஆயர் சிலாங்கூரிடமும், குப்பை மாநில அரசு நிறுவனமான கேடிஇபியிடமும், குரங்கு வனவிலங்குத் துறையிடமும் உள்ளன. நிலம் கோம்பாக் மாவட்ட நில அலுவலகத்தைச் சேர்ந்தது. தெருவிளக்கும் சாக்கடையும் கடை உரிமமும் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் வேலை. கோயிலை ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானதும் எல்லைக்கோடு இந்த வட்டாரத்துக்குச் சற்றுத் தெற்கே விழுந்தது. அதனால் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போனால் கேட்க வேண்டிய அலுவலகமே மாறிவிடும்.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன, 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு அவை இல்லாமலே போயின. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. வாக்குச் சீட்டால் கேள்வி கேட்க முடியாத இடத்தில், ஊர்க்காரரின் பலம் குடியிருப்பாளர் சங்கமும், ருக்குன் தெத்தாங்கா என்ற அண்டையயலார் அமைப்பும், சிலாங்கூர் அரசு நியமிக்கும் இந்திய சமூகத் தலைவர்களும்தான். சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையம் இன்னொரு வாசல். மந்திரி பெசார் அமிருடின் ஷாரி 2008 முதல் 2018 வரை பத்துமலைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். அதன் பின் சுங்கை துவா எனப் பெயர் மாறிய தொகுதியையும் அவரே பிரதிநிதித்து வருகிறார்.

சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2012 சான்று. மலைக்கு அருகில் 29 மாடி ஆடம்பர அடுக்குமாடிக் குடியிருப்பு எழுப்ப 2007இலேயே ஒப்புதல் தரப்பட்டிருந்தது. வேலை தொடங்கிய பிறகுதான் பலருக்கு விவரம் தெரிந்தது. சுண்ணாம்பு மலை உள்ளே பொந்தும் ஓட்டையுமாக இருக்கும், அதன் பக்கத்தில் ஆழமாக அடித்தளம் தோண்டினால் பாறை தாங்குமா என்று குடியிருப்பாளர்களும் இயற்கை ஆர்வலர்களும் கேட்டார்கள். கோயில் நிர்வாகமும் எதிர்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மக்கள் திரண்டு ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். மாநில அரசு வேலையை நிறுத்த உத்தரவிட்டது. கட்சி, சமயம், இனம் எல்லாம் கடந்து ஒரே கோரிக்கைக்குப் பின்னால் ஊர் நின்றதால் கிடைத்த பலன் அது.

இப்போதும் முடிவாக வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. படியேற முடியாத முதியோருக்காக நகரும் படிக்கட்டு அமைக்கும் திட்டத்தைத் தேவஸ்தானம் 2024இல் அறிவித்தது. 2018இல் படிகளுக்கு வண்ணம் பூசியபோது, மரபுடைமைச் சட்டப்படி முன்அனுமதி பெறப்பட்டதா என்ற சர்ச்சை எழுந்ததை ஊர் மறக்கவில்லை. மலையில் எதை நிறுவுவதானாலும் பாறையின் உறுதி, குகை உயிர்கள், கீழே வாழ்பவர்கள் மூன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

அதற்கான வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, ஒரு வட்டாரத்தின் உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் யாரும் எழுத்து வடிவில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பசுமைக்கு என்பது அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. நகராண்மைக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் அது தொங்கும் வாரங்களில், பத்துமலையின் ஒவ்வொரு தாமானிலிருந்தும் இரண்டு பேராவது போய்ப் பார்த்து, தங்கள் தெருவைத் தேடி, எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். 29 மாடிக்கு 2007இல் ஒப்புதல் கிடைத்தபோது அப்படிப் போய்ப் பார்த்தவர்கள் இருந்திருந்தால், ஐந்து ஆண்டு கழித்து வீதியில் இறங்க வேண்டிய தேவை வந்திருக்காது.