நூறு மடங்காகப் பேசும் எண்

ரத்தப் பரிசோதனைத் தாளில் டி.எஸ்.எச். 9 என்று இருக்கிறது. "தைராய்டு கூடிப்போச்சு" என்கிறோம். கூடவில்லை, குறைந்திருக்கிறது! அந்த எண் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதே அல்ல. மூளையின் அடியில் தொங்கும், சுமார் அரை கிராம் எடையுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு இடும் கட்டளை அது. தைராய்டு சுணங்கினால் கட்டளை உரக்கும். கொல்லையில் விளையாடும் பிள்ளை பதில் சொல்லும்வரை அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போவதைப் போல.

அந்தக் குரல் ஏறும் விதம்தான் அதிசயம். தைராய்டு பெருமளவில் சுரப்பது டி4 என்னும் ஹார்மோன். ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்தால், டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்காகிவிடும். ஆகவே டி4 இன்னும் இயல்பான அளவில் இருக்கும்போதே, டி.எஸ்.எச். தன் வழக்கமான 0.4–4 எல்லையைத் தாண்டிக் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவு கூர்மையான எண் சிறிது ஏறி இறங்குவதும் இயல்பே. இரவில் கூடும், பிற்பகலில் குறையும். லேசான ஏற்றத்தைக் கண்டதும் மருத்துவர் மாத்திரை எழுதாமல் மறுபரிசோதனை கேட்பது இதனால்தான்.

தாளில் உள்ள 'ஃப்ரீ டி4' இன்னொரு நுட்பம். ரத்தத்தில் ஓடும் டி4 மூலக்கூறுகளில் பத்தாயிரத்துக்குச் சுமார் மூன்றுதான் தனித்துத் திரிகின்றன. மற்றவை புரதங்களோடு ஒட்டிக்கொண்ட சேமிப்பு. உடலின் செல்களுக்குள் நுழைந்து வேலை செய்வது அந்த மூன்றுதான். ஆய்வகம் தேடிப்பிடித்து அளப்பதும் அதையே.

தைராய்டு குறைந்தவர்கள் தினமும் விழுங்கும் லெவோதைராக்ஸின் மாத்திரையில் இருப்பது அதே டி4 மூலக்கூறு. 1914இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் எட்வர்ட் கெண்டல் இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். சில பத்து கிராம் சேர்ப்பதற்கே டன் கணக்கில் பன்றித் தைராய்டு தேவைப்பட்டது. இன்று தொழிற்சாலையில் செய்துவிடுகிறோம். சுரப்பி அறவே வேலை செய்யாதவருக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் வேண்டும். 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 100. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தினம் 100 வீதம் 27 ஆண்டுகள் விழுங்கினால்தான் மொத்தம் ஒரு கிராம் ஆகும்!

மருந்தளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறுபரிசோதனை. ஏன் இத்தனை காத்திருப்பு? டி4இன் அரை ஆயுள், அதாவது உடலில் உள்ளது பாதியாகக் கரைய ஆகும் காலம், ஏழு நாள். புதிய அளவு ரத்தத்தில் நிலைபெற ஐந்து வாரம் வேண்டும். பிட்யூட்டரி தன் குரலைத் திருத்திக்கொள்ள இன்னும் சில நாள். பத்தாம் நாளே பரிசோதித்துவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று நாமாகவே அளவைக் கூட்டுவது ஆபத்து. மிகையான மருந்து இதயத்தைப் படபடக்க வைக்கும், எலும்பை நலிவிக்கும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகச் சிறிய அளவில் தொடங்குவதும் இதற்காகவே. கர்ப்பிணிகள் கதை வேறு. அவர்களின் தேவை முதல் சில வாரங்களிலேயே ஏறத் தொடங்கும், எனவே கர்ப்பம் உறுதியானதும் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் மாத்திரை. காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. அவை குடலிலேயே டி4ஐப் பிடித்துக்கொள்ளும்.

முடி வளர்ச்சிக்கு விழுங்கும் பயோட்டின் மாத்திரையோ ஹார்மோனைத் தொடுவதே இல்லை, பரிசோதனையை ஏமாற்றுகிறது. பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்தியே ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்தில் மிகையான பயோட்டின் வந்துவிட்டால் அந்தப் பிடி குலையும்; டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். மருந்து அதிகமாகிவிட்டது என்று நினைத்து, தேவையான அளவையே குறைத்துவிட நேரலாம். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிடுங்கள், சாப்பிட்டு வந்ததை மருத்துவரிடமும் சொல்லுங்கள்.