ஓர் அங்குல மேடு குடிக்கும் ஒரு லட்சம் லிட்டர்!

சிறு டிராக்டருக்கு உள்ளூர்ப் பட்டறையிலேயே ஒரு சமன் கருவி

வயலின் ஒரு மூலை குளம் போல் நிற்கிறது. இன்னொரு மூலை காய்ந்து வெடிக்கிறது. நடுவே ஒரு திட்டு. அதில் நெல்லைவிடப் புல்தான் அதிகம்.

இப்படி ஒரு வயலைப் பார்க்காதவர்கள் உண்டா?

"தண்ணீர் போதவில்லை" என்று சொல்லி, மோட்டாரை இன்னும் இரண்டு மணி நேரம் ஓடவிடுகிறார்கள். ஆனால் குறை கிணற்றில் இல்லை. வயலின் மேட்டில் இருக்கிறது!

கணக்குப் பாருங்கள்

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல்! மண் உறிஞ்சுவது தனிக் கணக்கு.

ஓர் ஏக்கர் வயலில் ஒரு மூலை மட்டும் இரண்டு அங்குலம் மேடாக இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த மூலை நனைய வேண்டுமானால், மற்ற இடமெல்லாம் இரண்டு அங்குலம் கூடுதலாக நிற்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர் வீண்.

நஷ்டம் அதோடு நிற்பதில்லை. தண்ணீர் நிற்காத இடத்தில் களை முளைக்கிறது. பள்ளத்தில் இளம் நாற்று மூழ்கி அழுகுகிறது. போட்ட உரம் தண்ணீரோடு பள்ளத்துக்குப் போய்ச் சேருகிறது.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். அதனால்தான் உழுது முடித்ததும் மாட்டைப் பூட்டிப் பரம்படித்தார்கள். பலகை சேற்றின் மேல் ஓடும். மேட்டு மண் பள்ளத்தில் விழும்.

இன்று பல வீடுகளில் மாடு இல்லை. அந்தத் தொழுவத்தில் சிறு டிராக்டர் நிற்கிறது. அதற்கு ஏற்ற பரம்பு எது?

லேசர் ஒளியைக் கொண்டு மட்டம் பார்க்கும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. ஒளிக்கதிர் காட்டும் அளவுக்கு ஏற்பத் தகடு தானே ஏறும், தானே இறங்கும். மிகவும் நல்ல கருவிதான். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் அதைச் சொந்தமாக வாங்க முடியுமா?

சிறு மேடு பள்ளத்துக்கு அது தேவையும் இல்லை. இரண்டு சட்டம், இரண்டு தகடு போதும். இந்தத் தந்திரத்தை 100 ஆண்டுகளுக்கு முன்பே ஊர் ஊராகச் சொல்லித் தந்தவர் ஓர் அமெரிக்க விவசாயி. அவர் சமன் செய்தது வயலை அல்ல, சாலையை!

பிளந்த மரம்

அவர் பெயர் டேவிட் வார்ட் கிங். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், மைட்லண்ட் என்ற சிற்றூருக்கு அருகே அவருக்குப் பண்ணை இருந்தது.

பண்ணைக்கு முன்னால் களிமண் சாலை. மழை பெய்தால் சேறு. வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். காய்ந்தால் சக்கரத் தடம் கல்லாக இறுகிவிடும்.

1896-ம் ஆண்டு. கிங் இரண்டு மரத்துண்டுகளை எடுத்தார். ஒன்று பழைய பம்பின் மரம். மற்றொன்று வேலிக்கம்பம். இரண்டையும் முன்னும் பின்னுமாகப் பிணைத்தார். குதிரைகளைப் பூட்டினார். மழை விட்டதும், மண் ஈரமாக இருக்கும்போதே, சாலையின் ஒரு பக்கம் இழுத்துக் கொண்டு போனார். மறு பக்கம் இழுத்துக் கொண்டு வந்தார்.

சக்கரத் தடங்கள் மூடின. நடுச்சாலை சிறிது உயர்ந்தது. அடுத்த மழைநீர் சாலையில் தேங்கவில்லை. ஓரமாக ஓடிவிட்டது! ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவர் அதையே செய்தார். சாலை மேலும் மேலும் இறுகியது.

அந்தக் கருவியின் புகழ் நாடெங்கும் பரவியது. 1908-ல் அமெரிக்க விவசாய இலாகா, கிங் எழுதிய விளக்கத்தைச் சிறு புத்தகமாகவே வெளியிட்டது.

அதில் அவர் சொன்ன அளவு இதுதான்: 7 அல்லது 8 அடி நீளமுள்ள ஒரு மரம். அதை நடுவில் பிளக்க வேண்டும். இரண்டு பாதிகளையும் 30 அங்குல இடைவெளியில் நிறுத்திக் குறுக்குக் கட்டையால் இணைக்க வேண்டும். மண்ணை வெட்டும் ஓரத்தில் ஓர் இரும்புப் பட்டை. நேராக இழுக்காமல் சாய்வாக இழுக்க வேண்டும். அவ்வளவுதான்!

இரண்டு எதற்கு?

ஒரு தகடு போதாதா? ஏன் இரண்டு?

முதல் தகடு மேட்டைச் சீவுகிறது. சீவிய மண் அதன் மேல் வழிந்து பின்னால் விழுகிறது. இரண்டாவது தகடு அதைப் பரப்புகிறது. பள்ளம் வந்தால், தள்ளிவரும் மண் தானே அதில் இறங்கிவிடுகிறது.

சிறு டிராக்டருக்குச் செய்யும் கருவியிலும் இதே தந்திரம்தான். ஆனால் அதில் இன்னொன்றும் வேண்டும். நீளமான சறுக்குச் சட்டம்!

டிராக்டரின் பின்னால் ஒரே ஒரு தகட்டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தாழும். தகடு மண்ணைத் தோண்டும். பின் சக்கரம் மேட்டில் ஏறும்போது தகடு உயரும். மண் கொட்டிவிடும். சமன் செய்யப் போன இடத்தில் அலை அலையாக மேடு விழும்!

சறுக்குச் சட்டம் இருந்தால் தகட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது டிராக்டர் அல்ல. தரையில் படிந்து வரும் சட்டம். சட்டம் நீளமாக இருப்பதால் சிறு பள்ளத்தில் அது இறங்குவதில்லை. பாலம் போல் தாண்டுகிறது. தச்சரின் இழைப்புளி பலகையைச் சீராக்குவதும் இப்படித்தான். நீளமான இழைப்புளி மேட்டை மட்டும் சீவும். பள்ளத்தைத் தொடாது.

செய்வது எப்படி?

முதலில் அகலம். டிராக்டரின் இரண்டு பின் டயர்களின் வெளி ஓரங்களுக்கு இடையே அளந்து கொள்ளுங்கள். பக்கத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டுங்கள். கருவியின் அகலம் அதுதான். அகலம் குறைந்தால் டயர்த் தடம் அழியாது.

அடுத்து, சறுக்குச் சட்டம் இரண்டு. 6 அங்குல உயரமும் 5 அடி நீளமும் கொண்ட இரும்புச் சானல் போதும். முன் நுனி படகின் மூக்கைப் போல மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் குத்தும்.

பிறகு தகடு இரண்டு. தேய்ந்துபோன புல்டோசர் தகடு பழைய இரும்புக் கடையில் கிடைத்தால் நல்லது. அதில் போல்ட் துளைகள் இருக்கும். தகட்டின் உயரம் 6 அங்குலம் போதும். அதிகம் உயர்ந்தால் மண் மேலே வழியாமல் குவிந்து, டிராக்டரைத் திணறச் செய்யும்.

இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஒன்றரை அடியாவது இடைவெளி இருக்கட்டும். இரண்டையும் சற்றுச் சாய்வாக வையுங்கள். சாய்ந்த கத்தி காய்கறியை எளிதாக நறுக்கும் அல்லவா? மண்ணுக்கும் அப்படித்தான்.

தகட்டின் வாய், சறுக்குச் சட்டத்தின் அடியைவிட அரை அங்குலம் கீழே இருக்க வேண்டும். இந்த அரை அங்குலம்தான் கருவியின் உயிர்! ஆகவே தகட்டை வெல்டிங் வைத்து ஒட்டாதீர்கள். நீள்துளை போட்டு போல்டால் முடுக்குங்கள். தேய்ந்தால் இறக்கலாம், மண் கடினமானால் ஏற்றலாம்.

கடைசியாக, டிராக்டரில் மாட்டும் மூன்று இடங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று. மேலே உள்ளதை டாப் லிங்க் என்பார்கள். அது மாட்டும் முக்கோணத்திலிருந்து பின் சட்டம் வரை ஒரு தாங்குகம்பி கட்டாயம் வேண்டும்.

இப்படிச் செய்த கருவி 100 முதல் 150 கிலோ வரை இருக்கும். டிராக்டரின் லிப்ட் எவ்வளவு தூக்கும் என்பதை அதன் புத்தகத்தில் பார்த்துக் கொள்ளுங்கள். வெல்டிங் வேலையைப் பழகிய பட்டறைக்காரரிடம் விடுங்கள்.

உயிரோடு விளையாடாதீர்கள்

மரக் கருவியை ஓட்டியவர் அதன் மேலேயே நின்று ஓட்டுவார். நம் ஊரிலும் பரம்புப் பலகையில் ஆள் ஏறி நிற்பது வழக்கம். "பாரத்துக்கு" என்று குழந்தையை உட்கார வைப்பதும் உண்டு.

டிராக்டர் கருவியில் இது கூடவே கூடாது!

மாடு, அதட்டினால் நிற்கும். என்ஜினுக்குக் காது இல்லை. தவறி விழுந்தால் கீழே இருப்பது இரும்புத் தகடு. பாரம் வேண்டுமானால் மணல் மூட்டையைக் கட்டுங்கள். கல்லைக் கட்டுங்கள். பிள்ளைகள் வரப்பில் நிற்கட்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. சங்கிலியைப் பின் அச்சிலோ அதற்கு மேலோ கட்டி இழுப்பவர்கள் இருக்கிறார்கள். கருவி வேரில் சிக்கினால் என்ன ஆகும்? பின் சக்கரம் நகராது. முன் சக்கரம் மேலே எழும்பும். டிராக்டர் குப்புறத் திரும்பி ஓட்டுபவர் மேலேயே விழும். இரண்டு விநாடிகூட ஆகாது!

இந்த ஆபத்தைக் குறைக்க வழி கண்டவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். மூன்று இடத்தில் மாட்டும் முறை அவருடையது. 1936-ல் விற்பனைக்கு வந்த அவரது டிராக்டரில் அது இருந்தது. 1939-ல் போர்டு கம்பெனி செய்த டிராக்டரிலும் அது வந்தது. கருவி தடைபட்டால் டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன் சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் அது காக்கும்.

ஆகவே கருவியை மூன்று இடத்திலும் மாட்டியே ஓட்டுங்கள். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் கையை நீட்டாதீர்கள்.

எப்போது ஓட்டுவது?

மண்ணை ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். சேறாக இருந்தால் தகட்டில் அப்பிக் கொள்ளும். கட்டாந்தரையாக இருந்தால் தகடு வழுக்கிப் போகும். அப்போது லேசாக உழுத பிறகு ஓட்டுங்கள்.

லிப்டை முழுவதும் இறக்கிவிடுங்கள். கருவியின் பாரம் சட்டத்தில் நிற்க வேண்டும். டாப் லிங்கை நீட்டியும் சுருக்கியும் இரண்டு தகடும் ஒரே மாதிரி சீவும்படி செய்யுங்கள். ஒரு முறை நீளவாட்டில், மறு முறை குறுக்குவாட்டில். மெதுவாக ஓட்டுங்கள்.

எந்த இடம் மேடு என்று எப்படி அறிவது? கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். கண்ணாடி போன்ற ரப்பர் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒரு நுனியை ஒரு மூலையிலும் மறு நுனியை வேறு மூலையிலும் ஒருவர் பிடிக்கட்டும். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

பேராசை வேண்டாம். மேல் மண்ணில்தான் பயிருக்கு வேண்டிய சத்து இருக்கிறது. அதைச் சீவி எறிந்துவிட்டால் நிலம் மட்டமாகும், விளைச்சல் குறையும். அரை அடி, ஓர் அடி உயரமுள்ள மேட்டுக்கு இந்தக் கருவி ஏற்றதல்ல. அங்கே மேல் மண்ணை ஒதுக்கி வைத்து, அடி மண்ணை வெட்டிச் சமன் செய்து, மேல் மண்ணைத் திரும்பப் பரப்ப வேண்டும். அதற்குப் பெரிய கருவியை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

வேலை சரியாக இருக்கிறதா என்று சொல்வது மழைதான். முதல் மழை விட்டதும் பிள்ளைகளையும் அழைத்துக் கொண்டு வரப்புக்குப் போங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே மண் தெரிகிறது என்று பாருங்கள். மண் தெரியும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள்.

அடுத்த உழவில் டிராக்டர் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.