செங்கால் நாரைக்கு யார் சாட்சி?

ஆடி, ஆவணியில் தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிற கூட்டம் சூரியகாந்திக்காக வருவது. 1992இல் வந்த 'ரோஜா' படத்துக்குப் பிறகு ஊரின் வயல்வெளிக்கும் ஒரு பெயர் சேர்ந்துவிட்டது. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் மார்கழி, தையில்தான் தலைகாட்டுவார்கள். குளம் பெருகி, பிசானப் பருவ நெற்பயிர் பச்சை கட்டி நிற்கும் நேரம் அது. அவர்களுக்குப் பூ வேண்டாம். வயலில் கூட்டமாக மேயும் நத்தைக்குத்தி நாரைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வேறாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அந்த ஒன்று செங்கால் நாரை. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டி, குளிருக்குத் தெற்கே இறங்கும் பறவை. இந்தியாவுக்கு வருபவற்றில் நம் தென்கோடி வரை எட்டுபவை சொற்பம். சத்திமுத்தப் புலவர் தன் வறுமையைச் சொல்லியனுப்பிய நாரைப் பாட்டு ஊரறிந்தது. பறவை பார்க்கிறவர் கண்ணுக்கு அது ஒரு களக்குறிப்பாகவும் தெரியும். காலின் நிறம், அலகின் நிறம், துணை, குமரிக்குப் போய் வடக்கே திரும்பும் வழி எல்லாம் அதில் இருக்கின்றன. தேதியும் எண்ணிக்கையும்தான் இல்லை!

வெள்ளைக்காரர் காலத்தில் பாட்டு செல்லாது, கண்ணால் கண்டேன் என்ற பேச்சும் அவ்வளவாகச் செல்லாது. பறவையைச் சுட வேண்டும். தோலை உரித்து, பூச்சி அரிக்காமல் பாஷாணம் கலந்த சோப்பைத் தடவி, உள்ளே பஞ்சு அடைத்து, காலில் ஒரு சீட்டைக் கட்டுவார்கள். இடம், தேதி, ஆணா பெண்ணா, சுட்டவர் பெயர் என எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். 1933இல் சாலிம் அலி திருவிதாங்கூர்ப் பறவைகளைக் கணக்கெடுத்ததும் இந்த முறையில்தான். அவர் தங்கிய தென்மலை, இங்கிருந்து ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் வந்துவிடும். கொடுமைதான். ஆனால் அந்தச் சீட்டை இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம் என்பதை மறுக்க முடியாது. சுடாமல் சாட்சி வாங்கும் வழியாகக் கால்வளையம் வந்தது. ஜெர்மனியில் வளையம் மாட்டிய ஒரு செங்கால் நாரை ராஜஸ்தானத்துப் பிகானேரில் கிடைத்த பிறகுதான், அது எவ்வளவு தூரம் பறந்து வருகிறது என்பதற்குக் கைப்பிடியான ஆதாரம் கிடைத்தது.

இன்று துப்பாக்கியின் இடத்தில் கேமரா இருக்கிறது. பறவைப் பதிவுகளுக்கான இணையத்தளமான இ-பேர்டில் அரிய பறவை ஒன்றைப் பதிந்தால், விவரம் எழுதச் சொல்லி அதுவே கேட்கும். பிறகு சரிபார்ப்பவரும் கேட்பார். கேட்கத்தான் வேண்டும். இனப்பெருக்கக் காலத்தில் வெளுத்துப்போகும் நத்தைக்குத்தி, தூரத்தில் அப்படியே செங்கால் நாரைதான்: வெள்ளை உடம்பு, கறுப்புச் சிறகு. நத்தைக்குத்தியின் அலகு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்கலாமே என்றால், அதன் குஞ்சுகளுக்கு அது இருக்காது. ஏமாற்றாத அடையாளம் வால்தான். செங்கால் நாரைக்கு வெள்ளை, நத்தைக்குத்திக்குக் கறுப்பு. ஆனால் நிற்கும்போது மடக்கிய சிறகின் கறுப்பு வாலை மறைத்துவிடும். அது தானாக எழும்பி வால் விரியும்வரை வரப்பில் காத்திருக்க வேண்டியதுதான். கல்லெறிந்து கிளப்பிப் படம் எடுக்கிறவர்களும் உண்டு. அவர்களைவிட அந்தக் காலத்துத் துப்பாக்கிக்காரர் ஒன்றும் மோசமில்லை.

இன்னொரு வேடிக்கை, 'மாவட்டத்தின் முதல் பதிவு' என்கிற பெருமை. தென்காசி மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பரில். அதுவரை திருநெல்வேலி. பக்கத்துச் செங்கோட்டையோ முதலில் திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. இந்த வட்டாரத்தில் ஒரு பறவையின் பழைய கதையைத் தேடுகிறவர் இந்தப் பழைய எல்லைகள் எல்லாவற்றிலும் தேட வேண்டும். அதைச் செய்யாமல் முதல் முதல் என்று சொல்வது, புது ரேஷன் கார்டு வாங்கியவரை அன்றைக்குப் பிறந்தவர் என்பதுபோல.

எனக்கு அரிய பறவையின் படத்தைவிட, அதே காலையில் அதே வயலில் நின்ற மற்றவற்றின் எண்ணிக்கை பெரிதாகப் படுகிறது. நத்தைக்குத்தி எத்தனை, உண்ணிக்கொக்கு எத்தனை, உள்ளான் எத்தனை? பூனைப்பருந்துகள் வயலுக்கு மேலே தாழப் பறப்பது குளிர்காலத்தில் சாதாரணக் காட்சி என்றிருந்தோம். அந்தியில் அவை அடையும் இடங்களில் சிலர் சலிக்காமல் எண்ணி வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குகளை ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2018இல் தொகுத்துப் பார்த்தபோது, முப்பது ஆண்டுகளில் அவை குறைந்துவருவது தெரிந்தது. அழகான படங்களிலிருந்து இது தெரிந்திருக்காது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரிதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் எண்ணும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல். இரண்டுக்கும் விலையுயர்ந்த கேமரா வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும், காலை ஆறரைக்கு எழுந்து போக வேண்டும், அவ்வளவுதான். செங்கால் நாரை வராத ஆண்டின் பட்டியலையும் பதிந்துவிட வேண்டும். வந்த ஆண்டு எது என்பதற்கு அதுதான் பாதி ஆதாரம்.