பாகம் பிரித்துக் காட்டும் படம்

நம் இல்லங்களில் உணவருந்தும் அறையில் ஆண்டவரின் இறுதி இராவுணவுப் படம் மாட்டியிருப்பதைக் காண்கிறோம். மிலான் நகரில் ஒரு துறவு மடத்தின் உணவறைச் சுவரில் அதன் மூலத்தைத் தீட்டியவர் லியோனார்டோ டா வின்சி (1452–1519). அதே கை இயந்திரங்களையும் ஏராளமாக வரைந்திருக்கிறது. பாரம் தூக்கும் இயந்திரம் ஒன்றை அவர் முதலில் முழுதாக வரைந்தார். பின்பு பக்கத்திலேயே அதன் சக்கரங்களையும் பற்களையும் ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, ஒரே அச்சில் வரிசையாக நிறுத்திக் காட்டினார். இன்று மோட்டார் உதிரிப் பாகக் கடையில் புரட்டப்படும் பாகப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய அந்த முறையில் வரைந்ததே. புத்தகம் இப்பொழுது கணினித் திரைக்கும் கைபேசிக்கும் வந்துவிட்டது. படம் மட்டும் மாறவில்லை.

இப்படத்தைப் படிக்கத் தெரிந்திருப்பது நமக்கு எதற்கு என்று மாணவியர் கேட்கலாம். வீட்டுக் கார் மேடுபள்ளத்தில் 'கடகட' என்று ஓசை எழுப்புகிறது. பழுது பார்ப்பவர், "சஸ்பென்ஷன் முழுவதும் போய்விட்டது" என்கிறார். முழுவதும் என்றால் எது, எத்தனை, என்ன விலை? ஒரு சிறு ரப்பரை மாற்றினால் தீரும் வேலைக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவழிப்பவர்களும் உண்டு. உண்மையிலேயே மாற்ற வேண்டிய பாகத்தை வீண் செலவென்று தள்ளிப்போட்டு, ஓடும்போதே முன் சக்கரம் மடங்கி விபத்துக்குள்ளாவோரும் உண்டு. இரண்டாவது கூட்டத்துக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன் எனலாம். காரின் முகப்பில் புனித கிறிஸ்தோபர் படம் ஒட்டியிருப்பது நல்லதுதான். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டு தேய்ந்ததா இல்லையா என்று பார்க்கும் வேலையை அவர் நம்மிடமே விட்டிருக்கிறார்.

சஸ்பென்ஷன் என்பது சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உள்ள ஏற்பாடு. சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் இடம் பெயரக் கூடாது. ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குகிறது. ஷாக் அப்ஸார்பர் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. ஆர்ம் என்னும் இரும்புக் கைகள் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கின்றன.

அம்பாசடர் காரின் பின்புறத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை அது தயாரிக்கப்பட்டது. அதன் பின் ஸ்பிரிங் படத்தில் எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, சிறிதும் பெரிதுமாக, காற்றில் மிதப்பதுபோல் வரையப்பட்டிருக்கும். அவற்றின் நடுவே செங்குத்தாக ஒரு புள்ளிக்கோடு. அதுதான் படத்தின் உயிர். 'இக்கோட்டில் உள்ள அனைத்தும் இதே வரிசையில் ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்படும்' என்பது அதன் பொருள். அந்தக் கோட்டின் வழியே இறங்குவது சென்டர் போல்ட். இருபுறமும் அரைஞாண்போல் அணைத்து, பட்டைகளை ஆக்சிலோடு இறுக்குபவை யூ போல்ட்டுகள். மிக நீளமான பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு வளையத்துக்கும் எதிரே ஒரு சிறு உருளை வரைந்திருப்பார்கள். அது ரப்பர் புஷ்.

முன் வளையம் நேராக வண்டியின் உடலில் பூட்டப்படுகிறது. பின் வளையமோ ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பின் வழியாகப் பூட்டப்படுகிறது. ஏன் இந்த வேறுபாடு? வளைந்த பட்டை பாரத்தால் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுகிறது. இரு முனைகளையும் அசையாமல் பூட்டிவிட்டால் அது நீளுவதற்கு இடம் ஏது? இப்படி 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே பார்த்தால் படம் தானாகப் பேசத் தொடங்கும்.

நான் கண்ட வரையில் இத்தகைய படத்தைப் படிக்க ஒரு திறவுகோல் உண்டு. பெரிய இரும்புகளைப் பார்க்காதீர்கள். அவற்றுக்கு நடுவே வரைந்துள்ள சின்னஞ்சிறு பொருள்களைப் பாருங்கள். எங்கெல்லாம் ஓர் இரும்பு மற்றோர் இரும்பைத் தொட்டு அசைய வேண்டுமோ, அங்கெல்லாம் ஒரு ரப்பரோ, பந்து மூட்டோ, கிரீஸோ இருந்தே தீரும். தேய்வது பெரும்பாலும் அதுதான். ஓசை எழுவதும் அங்கிருந்துதான். நம் முழங்காலில் எலும்பை விட்டுவிட்டு இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்வதைப்போல.

இனி மாருதி 800. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற இச்சிறு காரின் முன்புறம் வேறு வகை. ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் ஒரே தூணாக இணைந்து நிற்கும். எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940களில் வகுத்த இந்த அமைப்பை அவர் பெயராலேயே மெக்பர்சன் ஸ்ட்ரட் என்கிறோம். இன்றைய சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் முன்புறம் இதுவே. படத்தில் மேலிருந்து கீழாக நட்டு, மேல் தாங்கி, பேரிங், ஸ்பிரிங் இருக்கை, சுருள் ஸ்பிரிங், தூசி மறைப்பான், ஸ்ட்ரட் என்று புள்ளிக்கோட்டில் மணிமாலைபோல் அமைந்திருக்கும். கீழே லோயர் ஆர்ம். அதன் முனையில் பந்து மூட்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. படத்தில் அந்தச் சுருள் ஸ்பிரிங் சாதுவாகத் தனியே நிற்கிறது. வண்டியிலோ அது பெரும் விசையோடு அழுத்தப்பட்டு அடைபட்டிருக்கிறது. அதற்குரிய அழுத்தும் கருவியைப் பூட்டாமல் உச்சி நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் பாய்ந்து கையையும் முகத்தையும் சிதைத்துவிடும். பாகங்களின் வரிசையைச் சொல்லும் படம் அவற்றின் விசையைச் சொல்வதில்லை. ஆகவே படத்தைப் படிப்பது நம் வேலை. பிரிப்பது பட்டறையின் வேலை.

அடுத்து, படத்தின் பக்கத்திலுள்ள பட்டியல். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். படத்தில் அம்புக்குறியோடு 7 என்று போட்டிருந்தால் அது பாகத்தின் எண் அன்று. பட்டியலில் ஏழாவது வரியைப் பார் என்ற குறிப்பு மட்டுமே. அந்த வரியில்தான் உண்மையான பாக எண் நீளமாக இருக்கும். கடைக்காரருக்குத் தேவைப்படுவது அது. 'ஏழாம் நம்பர் புஷ்' என்று கேட்டால் அவர் விழிப்பார். அடுத்த பக்கத்திலும் ஒரு 7 இருக்கிறதல்லவா!

பாக எண்ணை ஒட்டிப் பெயர், எண்ணிக்கை, குறிப்பு என்று மூன்று பத்திகள் இருக்கும். எண்ணிக்கையில் 2 என்றிருந்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டா, முழு வண்டிக்கு இரண்டா என்று படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். குறிப்புப் பத்தியை யாரும் படிப்பதில்லை. எனக்குக் கேட்டால் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன். 'இந்தச் சேசிஸ் எண் வரை', 'இந்த மாதத்திலிருந்து', 'டீசல் வண்டிக்கு மட்டும்' என்பன போன்ற செய்திகள் அங்கேதான் இருக்கும். ஒரே பெயருள்ள கார் நடுவழியில் மாற்றப்பட்டிருக்கும். முந்திய ஆண்டின் பாகம் பிந்திய ஆண்டுக்குப் பொருந்தாது. வண்டியின் சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளாமல் பாகம் வாங்கப் போவது, அளவெடுக்காமல் ரவிக்கை தைக்கக் கொடுப்பது போன்றது.

ரவிக்கை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. தையல் வகுப்பில் வலக்கைத் துணியை இடக்கையில் வைத்துத் தைத்துவிட்டு அவிழ்த்தவர்கள் நம்மில் உண்டு. சஸ்பென்ஷனிலும் வலம், இடம் என்ற இந்தச் சிக்கல் பெரிது. படத்தில் இடமிச்சம் கருதி ஒரு பக்கத்தை மட்டுமே வரைவார்கள். பட்டியலிலோ வலத்துக்கு ஓர் எண், இடத்துக்கு ஓர் எண் இருக்கும். எது வலம்? ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து முன்னோக்கிப் பார்க்கும்போது நம் வலக்கைப் பக்கம் எதுவோ அதுவே வலம். வண்டிக்கு எதிரே நின்று பார்ப்பவருக்கு இது தலைகீழாகும். 'டிரைவர் பக்கம்' என்று சொல்வதும் ஆபத்து. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம், அமெரிக்காவில் இடப்பக்கம். அந்நாட்டுப் படத்தைப் பார்த்து டிரைவர் பக்கத்துப் பாகத்தைக் கேட்டால் மறுபக்கத்துப் பாகம் வந்து சேரும். பழைய மாரிஸ் மைனரில் முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டின் மரைகூட இரு பக்கமும் எதிரெதிராகச் சுற்றுபவை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஏறாது.

சில படங்களில் பல பாகங்களைச் சுற்றி விட்டுவிட்டு ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். கட்டத்துக்குள் இருப்பவை ஒரே தொகுதியாகக் கிடைக்கும் என்று பொருள். உள்ளே உள்ள புஷ்ஷுக்குத் தனி எண் இருந்தால் அதை மட்டும் வாங்கலாம். எண்ணே இல்லாவிட்டால் தயாரித்தவர் அதைத் தனியே விற்பதில்லை. ஆர்ம் முழுவதையும் வாங்கியாக வேண்டும். ஆகவே முழு ஆர்மையும் மாற்றச் சொன்ன மெக்கானிக்கை உடனே ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிடக் கூடாது. படம் சில வேளைகளில் அவர் பக்கமே சாட்சி சொல்லும். ஷாக் அப்ஸார்பரை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றச் சொல்வதும் நியாயமே. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி சீராக நிற்காது.

பட்டியலின் கடைசி வரிகளில் காட்டர் பின், நைலான் வளையமுள்ள நட்டு போன்ற அற்பப் பொருள்கள் இருக்கும். அவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை கழற்றியதை மீண்டும் பூட்டக் கூடாத வகை அவை.

சென்னைவாசிகளுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகள் தெரிந்திருக்கும். பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டை பெயர் பெற்றது. அம்பாசடருக்கு ஒரு கதவோ விளக்கோ அங்கே தேடுவதில் தவறில்லை. ஆனால் பந்து மூட்டையும் ரப்பர் புஷ்ஷையும் பழையதாக வாங்குவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

புதிய பாகம் வந்ததும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளம், துளையின் விட்டம், வளைவின் திசை மூன்றும் ஒத்திருக்கிறதா? பொட்டலத்தின் மேலுள்ள எண் நாம் எழிதிய எண்ணிலிருந்து மாறியிருந்தால், பழைய எண்ணுக்குப் பதிலாகத் தயாரிப்பாளரே வெளியிட்ட புது எண்ணா என்று கடையில் கேட்டுத் தெளிய வேண்டும். அதுவரை பழைய பாகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பூட்டும்போது மெக்கானிக்கிடம் ஒன்று சொல்லி வையுங்கள். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டியின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையெனில் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று, சில மாதங்களில் கிழிந்துபோகும். அதன் பின் சக்கரங்களின் நேர்மையைச் சோதிக்கும் அலைன்மென்ட் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டு போகலாம்.